பதினெட்டு மடங்கு

அச்சகத்தில் என் அண்ணிக்குப் பெயர் முன்னூறு. ஓர் அங்குலத்துக்கு முன்னூறு புள்ளியாவது இருந்தால்தான் படம் தாளில் ஒழுங்காக விழும் என்று தினமும் நாற்பது பேரிடம் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். அவள் உள்ளே கணினியில் உட்கார்ந்து படங்களை அச்சுக்குத் தயார் செய்வாள். நான் வெளியே கவுன்ட்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவேன். இருவருக்கும் ஒரே வீடு. அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டவள். நான் கட்டிக்கொண்டவனை விட்டுவிட்டு வந்தவள். அந்தக் கதை இங்கே வேண்டாம், ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அண்ணியின் பிடிவாதம் ஊரறிந்தது. யாராவது செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படத்தைக் காட்டி, இதைக் கதவு அளவுக்கு அடித்துக் கொடுங்கள் என்பார்கள். அண்ணி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள்.

"ஸ்கிரீன்ல நல்லாத்தானேம்மா இருக்கு?"

"ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருக்கும். சின்னப் படத்தை இழுத்தா உள்ள இல்லாதது வந்துடுமா? கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து நடுவுல இன்னொரு புள்ளியை இட்டுக்கட்டும். உங்க மூக்கு எங்க முடியுது, கன்னம் எங்க ஆரம்பிக்குதுன்னு அதுக்கு என்ன தெரியும்? ஒரிஜினல் படத்தைக் கொண்டு வாங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்து என் மேல் பாய்வார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர் அட்டையையே, தலைமையாசிரியர் முகம் மங்கலாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவள் அவள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை.

அப்பேர்ப்பட்டவள் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன். அந்தத் தப்பு வந்து விழுந்தது என் அண்ணன் தலையில்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருஷம் ஒரே டிப்போ. வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே கண் பரிசோதனை நடக்கும். எங்கள் வீட்டில் கண் என்றாலே எல்லோருக்கும் பயம். எங்கள் அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போய்விட்டது. கடைசி பன்னிரண்டு வருஷம் நான்தான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு இப்போது நாற்பத்தெட்டு.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். வழக்கமாக எட்டாகும். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றாள் அண்ணி.

"கண்ணு டெஸ்ட்ல ஃபெயில். வண்டியை விட்டு இறக்கிட்டாங்க."

டிப்போவின் முதலுதவி அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். மூன்று பல் மட்டும் உள்ள சீப்பு மாதிரி ஓர் உரு, மேல் வரிசையில் பெரிதாக, கீழே போகப் போகச் சின்னதாக. இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, சீப்பின் பல் மேலே பார்க்கிறதா, கீழேயா, இடமா, வலமா என்று கை காட்ட வேண்டும். ஓட்டுநர் என்றால் ஏழாவது வரிசை வரை சொல்லியாக வேண்டும்.

"அஞ்சு வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டேன். ஆறுல தடுமாற்றம். ஏழுல பல்லே தெரியல. எல்லாம் கட்டம் கட்டமா, கறுப்பா, அடைச்சுப் போன மாதிரி." என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

"வாயைக் கழுவு அண்ணா," என்று கத்தினேன்.

ஒன்பது நாள் கழித்து, அதே அறையில், தவறியவர்களுக்கு மட்டும் இன்னொரு பரிசோதனை. அதிலும் விழுந்தால் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஓய்வு பெறும் வரை பின்னால் வண்டி கழுவும் இடத்தில் நிற்க வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்தப் படம் நான் அடிச்சது," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன், பள்ளிக்கூடங்கள் திறக்கும் நேரம். அடையாள அட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. டிப்போ எழுத்தர் வந்து, சுவரில் இருந்த பழைய படம் ஈரத்தில் இற்றுப் போய்விட்டது, சட்டத்துக்குள் போட வேறு வேண்டும், உடனே வேண்டும் என்று நின்றார். கையில் ஒரிஜினல் கிடையாது. எங்கிருந்தோ இறக்கிய ஒரு குட்டிப் படம் செல்போனில் இருந்தது. நான்தான் அதை உள்ளே அனுப்பினேன்.

"நானூறு புள்ளி உயரம் இருந்துது. ஒழுங்கா அடிச்சா ஒன்றரை அங்குலம்கூட வராது. இரண்டடிக்கு இழுத்தேன். பதினெட்டு மடங்கு." அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முகமா மூக்கா, வெறும் கறுப்புக் கோடுதானேன்னு நினைச்சுட்டேன்."

பதினெட்டு மடங்கு நீளம், பதினெட்டு மடங்கு அகலம். ஒரு புள்ளி இருந்த இடத்தில் முன்னூற்றுச் சொச்சம் புள்ளி. அவ்வளவையும் கணினி இட்டுக்கட்டியது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் அதற்குத் தெரிந்தது சாம்பல் ஒன்றுதான். ஓரமெல்லாம் சாம்பலாக மங்கியிருப்பதை அண்ணி அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பளிச்சென்று இருக்கட்டும் என்று அந்தச் சாம்பலையெல்லாம் கறுப்பாக்கி விட்டாள். பெரிய சீப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னச் சீப்புகளில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருந்த சந்து அடைத்துக்கொண்டது.

"அப்புறம் என்ன, அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க! மனுஷன் உள்ள தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழறானோ என்னவோ."

"நாளைக்கு ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் கடை திறந்ததும் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, அடிப் பாதியை மட்டும் அடித்துச் சுவரில் ஒட்டினாள். டேப்பை வைத்து இருபது அடி அளந்து என்னை நிறுத்தினாள். எனக்குக் கழுகுக் கண். எதிர் மாடியில் காயும் துணியில் பொத்தான் இல்லையென்றால் சொல்லிவிடுவேன்.

"ஏழாவது வரிசை, முதல்ல இருக்கிறது எந்தப் பக்கம் திறந்திருக்கு?"

"திறக்கவே இல்லையே அண்ணி. எல்லாம் கறுப்புக் கட்டமா இருக்கு."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். அச்சக வேலைக்கு வந்த பதினான்கு வருஷத்தில் தன் வேலை மோசமாக இருக்கிறது என்று கேட்டு அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். உடனே அண்ணனுக்குப் போன் செய்யக் கையை நீட்டினாள். பாதியில் கை நின்றுவிட்டது.

"நேத்து எத்தனை பேரைப் பார்த்தாங்கன்னு சொன்னார்?"

"இருபத்தேழு."

"எத்தனை பேர் ஃபெயில்?"

"நாலு."

"அப்போ இருபத்துமூணு பேர் இதே படத்துல ஏழாவது வரிசையைப் படிச்சிருக்காங்க." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உனக்குத் தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்படி? படம் மோசம்தான். ஆனா அவர் கண்ணும் மோசமா இருந்தா?"

என் கழுகுக் கண் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கும் அந்த அப்பாதானே.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இருந்ததை எப்படிச் சொல்வது? மறு பரிசோதனை வரைக்கும் என்று அண்ணன் தினமும் காலையில் டிப்போவுக்குப் போய் வண்டிகளைக் கழுவிவிட்டு வந்தான். கண் டாக்டரிடம் போகலாம் என்று அண்ணி நாலு தடவை கேட்டாள். "அவரும் அதையே சொல்லிட்டா? சொல்ற வரைக்கும் இல்லைன்னு வச்சுக்கலாம்ல?" என்று கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டிலேயே புதுப் படம் மாட்டிப் பார்க்கலாமா என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். "என்னைக் கொஞ்சம் நிம்மதியா விடறியா?" என்று கத்தினான். ஏழாவது படிக்கும் அவர்கள் மகள், கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

நான் அண்ணியைப் பிடுங்கி எடுத்தேன். "சொல்லித் தொலைங்களேன்!"

"என்னன்னு சொல்ல? படம்தான் தப்பு, உங்க கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லி ஆசை காட்டிட்டு, ஒன்பதாம் நாள் நல்ல படத்துலயும் அவர் விழுந்தா? அப்ப அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

நியாயமாகத்தான் பட்டது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்ய ஆரம்பித்தாள். பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், அவர் சுவரில் இருந்த படத்தை வரிசை வரிசையாக ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வந்தாள். ஏழாவது வரிசைச் சீப்பு பதிமூன்று மில்லிமீட்டர். இந்தத் தடவை எதையும் இழுக்கவில்லை. ஒவ்வொரு சீப்பையும் கணினியில் கோடு போட்டே வரைந்தாள். புள்ளிகளால் ஆன படத்தை இழுத்தால்தான் சிதையும், கோடாக வரைந்ததை எந்த அளவுக்குக் கொண்டு போனாலும் ஓரம் கத்தி மாதிரி நிற்கும் என்று எனக்குப் பாடம் வேறு. ஒரு பல், ஒரு சந்து, ஒரு பல், ஒரு சந்து, ஒரு பல். ஐந்தும் ஒரே அகலம். அடித்து வந்ததும் மறுபடி ஸ்கேல் வைத்தாள். அச்சு இயந்திரம் தாளுக்கு அடங்கட்டும் என்று தானாகவே கொஞ்சம் சுருக்கியிருந்தது. ஏழாவது வரிசை பன்னிரண்டரை வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுச் சுருக்காமல் மறுபடி அடித்தாள். நான் அதையும் இருபது அடியில் நின்று படித்தேன். கடைசி வரிசை வரை கண்ணாடி மாதிரி தெரிந்தது. அதில் என்ன ஆறுதல்? படிக்க வேண்டியவன் நான் இல்லையே.

ஏழாம் நாள் அண்ணனைப் பார்க்க ஒரு ஓட்டுநர் வந்தார். தொண்டை பெரிதென்பதால் டிப்போவில் அவரை ஹாரன் என்பார்கள். அண்ணன் டீ வாங்கக் கீழே போயிருந்தான். ஹாரன் எங்களிடம் ரகசியம் பேசினார். அவர் ரகசியம் பேசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"உங்க வீட்டுக்காரரு ஒரு அப்பாவிம்மா. எவனாச்சும் வரிசையில முதல்ல போய் நிப்பானா? முதல்ல போன நாலு பேரும் மாட்டிக்கிட்டாங்க. நாங்கல்லாம் கதவுக்கு வெளியதானே நின்னோம். டாக்டர் ஒவ்வொருத்தனையும் திருத்திச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருந்தாரு, இது வலம்பா, இது மேலப்பான்னு. நாலு தடவை கேட்டா மனப்பாடம் ஆகாதா? வலம், மேல, மேல, இடம், கீழ. இப்பக்கூடச் சொல்லுவேன்."

"அப்போ உங்களுக்கு ஏழாவது வரிசை தெரிஞ்சுதா அண்ணே?" அண்ணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எங்கேம்மா? ஒரே கறுப்புக் கட்டம். வயசாகுதுல்ல."

பெரிய மனிதர் என்றுகூடப் பார்க்காமல் அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது எனக்கு. அதே நேரம் காலில் விழவும் தோன்றியது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இருபத்துமூன்று பேர் அந்தப் படத்தைப் படிக்கவில்லை. அப்படியென்றால் அண்ணன் கண் நன்றாகவே இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

எட்டாம் நாள் அண்ணி முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"டிப்போ வேலை போச்சுன்னா பாதிக் கடை போச்சு. நாளைக்குக் காலையில போய்ச் சத்தமில்லாம மாத்தி மாட்டிட்டு வந்துடு. சட்டம் ஆடுது, சரி பண்றேன்னு சொல்லு. யாரும் கேக்க மாட்டாங்க."

"மீதி மூணு டிரைவருங்க சார்? முதல் தடவை ஃபெயில்னு அவங்க ஃபைல்ல ஏறிப் போச்சே."

"உனக்கு உன் வீட்டுக்காரர் பாஸானா போதாதா?"

எனக்கு நாக்கு அரித்தது. அண்ணி என் காலை மிதித்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் சுருட்டிய படத்தோடு டிப்போ முதலுதவி அறைக்குள் நுழைந்தோம். அண்ணனும் மற்ற மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து அண்ணன் எழுந்துவிட்டான். மேஜைக்கு இந்தப் பக்கம் மேலாளர். அந்தப் பக்கம் கண் பரிசோதகர், அவரே சோடா புட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்.

அண்ணி நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். எதையும் விழுங்கவில்லை. "சார், சுவத்துல இருக்கிற படத்தை அடிச்சது நான்தான். சின்னப் படத்தை அளவுக்கு மீறி இழுத்துட்டேன். கீழ் வரிசை எல்லாம் அடைஞ்சு போச்சு. இவங்க நாலு பேரும் அதுலதான் விழுந்திருக்காங்க. சரியான அளவுல புதுசா வரைஞ்சு கொண்டு வந்திருக்கேன்."

மேலாளர் அவளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர் உன் வீட்டுக்காரர்தானே? புருஷன் பாஸாகணும்னு ஈஸியா ஒரு படம் போட்டுக் கொண்டு வந்துட்டியா?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஸ்கேல் இருக்கா உங்ககிட்ட? அளந்து பாருங்க சார்! அளக்காம பேசாதீங்க!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் போன நடத்துநர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பரிசோதகர் பையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார். புதுப் படத்தை மேஜையில் விரித்து ஒவ்வொரு வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தரையில் இருந்த இருபதடிக் கோட்டில் நின்று சுவரில் இருந்த பழைய படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் கையில விடைத்தாள் இருக்கு. நான் அதைத்தான் பார்த்தேன், படத்தை எங்க பார்த்தேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இதைக் கழட்டுங்கப்பா. புதுசுல வரிசையும் வேறயா இருக்கு, நல்லதாப் போச்சு. முதல்ல இந்த நாலு பேரு. அப்புறம் அந்த இருபத்துமூணு பேரையும் கூப்பிடுங்க."

ஹாரன் நினைவு வந்து எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணி சிரிக்கவில்லை. சுவரோரமாக நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஆள் படித்தார், பாஸ். இரண்டாவது ஆள் ஆறாவது வரிசையிலேயே நின்றுவிட்டார். அவருக்கு உண்மையிலேயே கண்ணாடி தேவைப்பட்டது. அண்ணியின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

மூன்றாவது அண்ணன். ஐந்தாவது வரிசை வரை கை வேகமாகப் போனது. ஆறையும் சொன்னான். ஏழாவது வரிசையில் பரிசோதகர் குச்சியை வைத்தார். அண்ணன் கை எழவே இல்லை. அறையில் காற்றாடி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தெரியவில்லை, அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்பா முகம் கண் முன்னால் வந்துவிட்டது.

"தெரியலையா?" என்றார் பரிசோதகர்.

"தெரியுது சார்," என்றான் அண்ணன். "நல்லாத் தெரியுது. அதான்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். கீழே, இடம், கீழே, மேலே, வலம். கேட்காமலேயே எட்டாவது வரிசையையும் சொன்னான்.

முதல் பரிசோதனையை நால்வர் கணக்கிலிருந்தும் நீக்குவதாகப் பரிசோதகர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அச்சகத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார் மேலாளர். வரட்டும். முதலாளி எங்கள் இருவரையும் என்ன செய்வார் என்பது அடுத்த கவலை.

மூன்று பேரும் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினோம். அண்ணனும் அண்ணியும் பக்கத்துப் பக்கத்தில், நான் அவர்களுக்குப் பின்னால். நாலு நிறுத்தம் வரை அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

"நீங்க வந்து சொன்னீங்களே, அன்னைக்கு சாயங்காலமே." அண்ணி மடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "படம் தப்புன்னுதான் தெரியும். உங்க கண்ணு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாம எப்படிச் சொல்றதுன்னு..."

அண்ணன் கோபமாகப் பேசவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒன்பது நாளா நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நீ தலை வாரும்போது பார்த்தேன். பாப்பா ஷூ மாட்டும்போது பார்த்தேன். பின்னால உக்காந்திருக்காளே, இவ சண்டை போடும்போது இவ முகத்தைப் பார்த்தேன். எல்லாத்தையும் நல்லா ஞாபகத்துல வச்சுக்கணும்னு பார்த்தேன். அப்புறம் பார்க்க முடியாதேன்னு."

அண்ணி வாய்விட்டு அழுதுவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பேருந்தே திரும்பிப் பார்த்தது. அண்ணன் பதறிப்போய் அவள் முதுகைத் தட்டினான். "சரி, சரி, விடு. நாளைக்கு நாலு மணிக்கு எழுப்பி விடு. முதல் வண்டி எனக்கு," என்றான். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் தவறல. நீங்க உங்க ஸ்டாப்பைப் பாருங்க," என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அப்போது கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.